டெல்லி ரிட்ஜில் கோடை இன்டர்ன்ஷிப்: போகலாமா?

ஆர்.கே.புரம், முனிர்கா பக்கம் கல்லூரியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் யாராவது கோடை விடுமுறைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், ஏசி அறையில் உட்கார்ந்து எக்செல் நிரப்புவதை விட்டுவிட்டு டெல்லியின் மலைக்காடான ரிட்ஜில் வெளிவேலைக்கு விண்ணப்பம் போடுங்கள். இந்தக் கோடையில் நான் போனது தெற்கு டெல்லியில் ஒரு இடம். ஒரு காலத்தில் கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே போட்டிருந்த நிலம், இப்போது அதைக் காடாக மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

ரிட்ஜ் என்பது ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி. அங்கே திரும்பிய பக்கமெல்லாம் நிற்பது ராமநாதபுரத்துக் கண்மாய்களை அடைத்துக்கொண்டிருக்கும் அதே சீமைக்கருவேலம்தான், இங்கே விலாயதி கீகர் என்பார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விதைத்தது. நம் ஊரில் பொக்லைன் வைத்து வேரோடு பிடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள், இங்கே அப்படி மொத்தமாக அழிப்பதில்லை. மேல்கிளைகளைக் கழித்து வெயில் தரைக்கு இறங்க வழிவிட்டு, அடியில் தவ், வெள்வேல், புரசு என்று இந்த மண்ணின் மரக்கன்றுகளை வைக்கிறார்கள். கன்றுகள் வளர்ந்து நிழல் கட்டினால் கீகர் தானாக நலிந்துபோகும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபுவின் குழு வசந்த் விஹாரை ஒட்டிய ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவில் பழைய சுரங்க நிலத்தை இப்படிக் காடாக மாற்றிக் காட்டியிருக்கிறது. சேருவதற்கு முன் ஒரு காலை நேரம் அங்கே நடந்துவிட்டு வாருங்கள், நாம் செய்யப்போகும் வேலை இருபது வருடத்தில் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது உண்ணிச்செடி (லாண்டானா) என்ற அந்நியக் களையை எடுக்கும் வேலை. வெட்டினால் அடியிலிருந்து மறுபடி தழைத்துவிடும், இழுத்துப் பிடுங்கினால் மண் கிளறிப்போய் அதில் கிடக்கும் விதையெல்லாம் முளைக்கும். அங்கே வேலை பார்க்கும் தோட்டக்காரர், மாலிஜி என்போம், செய்து காட்டினார்: தூரை ஒட்டிக் குனிந்து, மண்ணுக்குக் கீழே நாலு விரல் ஆழத்துக்குள் ஆணிவேரை ஒரே வெட்டு, அப்புறம் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். "பேட்டி (மகளே), கையைப் பார்க்காதே, வேரைப் பார்" என்பார். எந்த மரம் எந்தச் சரிவில் பிழைக்கும், எந்தக் குழியில் மழைத்தண்ணீர் நிற்கும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. சொல்லிக்கொடுக்கும் விஷயத்தில் இந்த இன்டர்ன்ஷிப்புக்கு நான் தரும் முழு மதிப்பெண்ணும் அவருக்கும் கூட வேலை செய்த அக்காக்களுக்கும்தான். மேற்பார்வைக்கு இருந்த படித்தவர்கள் வாரத்துக்கு ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

காலையில் பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. நம் பக்கம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுக் கோடையில் இனப்பெருக்கத்துக்காக வடக்கே வரும் ஆறுமணிக்குருவியை ஜூனில் கேட்டேன், இரண்டு சுரமாகக் கூப்பிடும். புதருக்குள் சருகைப் புரட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது பச்சை முதுகும் வாலடியில் சிவப்பும் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது, பைனாகுலரே தேவைப்படவில்லை.

இப்போது குறை. 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவான ஊர் இது. காலை ஐந்தரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடித்துவிட வேண்டிய வேலையை, இங்கே எட்டு மணிக்கு வருகைப்பதிவு வைத்து ஒரு மணி வரை இழுத்தார்கள். லூ என்ற அனல்காற்று அடிக்கும்போது கிளை கழிப்பதெல்லாம் அநியாயம், எங்களுக்காவது இரண்டு மாதம்தான், வருடம் முழுக்க அங்கே உழைக்கும் ஆட்களை நினைத்துப் பாருங்கள். ஓஆர்எஸ் பாக்கெட்டை நாங்களே வாங்கிக்கொண்டோம். பெண்களுக்குக் கழிப்பறை கேட் பக்கம் மட்டும்தான், உள்ளேயிருந்து நடந்து வர இருபது நிமிடம், அதனால் பாதிப் பேர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள், இந்த வெயிலில் அது எவ்வளவு ஆபத்து! உதவித்தொகை மெட்ரோ டிக்கெட்டுக்குச் சரியாக இருந்தது, அதுவும் தாமதமாகத்தான் வந்தது.

பாட்டனி படித்திருக்க வேண்டியதில்லை. என்னுடன் பி.காம் பெண் ஒருத்தி இருந்தாள், மரங்களை எங்களைவிடச் சீக்கிரம் அடையாளம் கண்டுகொண்டாள். ஆனால் இந்தி ஓரளவு வேண்டும், இல்லாவிட்டால் மாலிஜி சொல்வதில் பாதி போய்விடும். தடித்த அடி வைத்த ஷூ அவசியம், கீகர் முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். எந்த நிறுவனமாக இருந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் வேலை நேரம், கழிப்பறை, தண்ணீர் மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சரி என்று எழுதிக்கொடுத்தால் தயங்காமல் சேருங்கள்.