ஒரே ஐ.பி.ஏ., மூன்று வெவ்வேறு வயது: அறுகம்பே, மட்டக்களப்பு, பாசிக்குடா

கள்ளு வாங்கப் போனால் "எப்ப இறக்கினது?" என்று கேட்காத ஆள் மட்டக்களப்பில் இல்லை. காலையில் இறக்கினது பின்னேரம் புளித்துவிடும் என்பது தவறணைக்குப் போகாதவருக்கும் தெரியும். அதே ஆள் வைன் ஸ்டோரில் ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல், கசப்பும் வாசனையும் தூக்கலான பியர்) டின் ஒன்றைக் கையில் எடுத்தால், குளிராக இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்ப்பார். திகதி கண்ணில் படாது.

உள்ளூர் லாகரில் இதனால் பெரிய நட்டம் வராது. வந்த வேகத்தில் விற்றுப்போகிற சரக்கு அது. பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹொப்ஸ் என்ற பூவும் அதில் கொஞ்சம்தான். இறக்குமதி ஐ.பி.ஏ. வேறு சாதி. விலை லாகரைவிட இரண்டு மடங்குக்கு மேல். வாங்குபவர் குறைவு, தட்டில் கிடக்கும் நாள் அதிகம். அந்தக் கூடுதல் காசை எதற்காகக் கொடுக்கிறோமோ, அந்த ஹொப்ஸ் வாசனைதான் முதலில் போகிறது.

இங்கே பார்ப்பது 330 மில்லிலீற்றர் டின், மதுசாரம் 6.5 சதவீதம், லேபலில் கசப்பு 60 ஐ.பி.யூ. (கசப்பை அளக்கும் அலகு). சிட்ரா, மொசாய்க் என்ற இரண்டு அமெரிக்க ஹொப்ஸ், காய்ச்சும்போது போட்டது போக, நொதித்து முடிகிற கட்டத்தில் மறுபடியும் பச்சையாகப் போட்டிருக்கிறார்கள். குறை தயாரித்தவர் பக்கத்தில் இல்லாததால் பெயர் வேண்டாம். விற்ற இடங்களின் பெயரும் அப்படியே. மூன்றும் ஒரே பியர். டின்னின் அடியில் அச்சிட்ட திகதியும் அது இருந்த இடமும்தான் வேறு. மூன்றும் 8 பாகை செல்சியஸில், ஒரே மாதிரிக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றப்பட்டவை.

அறுகம்பே டின்னுக்கு வயது பத்துக் கிழமை. கடற்கரைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் பிரிட்ஜில் இருந்தது. கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியிலேயே வந்த சரக்கு. ஊற்றியதும் தெளிந்த பொன் நிறம், வெள்ளை நுரை. மூக்கைக் கிட்டக் கொண்டுபோகுமுன்பே தோடம்பழத் தோல் வாசம். அதன் பின்னால் கொடித்தோடை. கடைசியில், மாங்காய்க் காம்பை ஒடிக்கும்போது பீறிடும் பாலின் அந்தக் கூர்மையான மணம். இது வெறும் உவமை இல்லை. ஹொப்ஸ் எண்ணெயில் நிறைய இருக்கும் மிர்சீன் என்ற பொருள் மாமரத்திலும் உண்டு. கசப்பு சுத்தமாக வந்து, நாக்கில் கொஞ்சம் நின்று, அலம்பினதுபோல விலகிவிடுகிறது. பத்துக்கு ஒன்பது.

மட்டக்களப்பு நகரில் வாங்கினது ஏழு மாத டின். பிரிட்ஜுக்கு வெளியே, மேல் தட்டில், தூசி படிந்திருந்தது. நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வாசனையில் தெரிகிறது: தோடம்பழத் தோல் போய், சீனியில் காய்ச்சிய தோடம்பழ ஜாம் வந்திருக்கிறது. மாங்காய்ப் பால் அறவே இல்லை. முதல் மிடறில் தேன், பிறகு ஆறிப்போன பிளேன்டீ. சிலருக்கு இதில் லேசாகப் பூனை மூத்திரம் மணக்கும். சிரிக்க வேண்டாம், பியர் முதுமையடையும் வழியில் பலமுறை தட்டுப்படும் வாசனை அது, கொஞ்சக் காலத்தில் தானாகவே மங்கிவிடும். பியர் இனித்துவிட்டது என்று தோன்றும். சீனி கூடவில்லை, கசப்பு இறங்க, மறைந்திருந்த மோல்ட் (முளைகட்டிய பார்லி) இனிப்பு மேலே வந்துவிட்டது. குடிக்கலாம், ஆனால் இந்த விலைக்கு இல்லை. பத்துக்கு ஐந்து.

பாசிக்குடா டின் பதினொரு மாதம். ஹோட்டல் பிரிட்ஜிலிருந்து பனி பூத்து, பார்க்க மூன்றிலும் புதியதுபோல மேசைக்கு வந்தது. உள்ளே இருந்தது பழுப்பேறிய, மங்கல் நிறம். மழையில் நனைந்து காய்ந்த அப்பியாசக் கொப்பியின் மணம், டொபி, முந்திரிகை வற்றல். ஹொப்ஸ் என்று சொல்ல எதுவும் இல்லை. கசப்பு குறைந்திருந்தாலும், இருக்கிற கொஞ்சம் அடிநாக்கில் சொரசொரவென்று ஒட்டி, தண்ணீர் குடித்தாலும் போகாமல் நிற்கிறது. பத்துக்கு இரண்டு. கொடுக்கும்போது குளிராக இருந்தது என்பதற்கும் குளிரிலேயே இருந்தது என்பதற்கும் உள்ள தூரம் இதுதான். போன சுற்றுலா சீசனில் மிஞ்சி, மூடிக்கிடந்த மாதங்களில் கரண்ட் இல்லாத களஞ்சிய அறையில் வெந்த சரக்கை, சீசன் திறந்ததும் பிரிட்ஜுக்குள் அடுக்கினால் வெளியே இருந்து பார்க்க ஒன்றும் தெரியாது.

டின்னுக்குள் நடப்பதைச் சொன்னால் மூன்று மதிப்பெண்களுக்கும் காரணம் விளங்கும். ஹொப்ஸ் வாசனை ஒரே பொருள் அல்ல, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் சாகும். மிர்சீன் முதலில் போகும். போத்தலென்றால் மூடிக்குள் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலமே அதை உறிஞ்சிவிடும். கொடித்தோடை, கொய்யா வாசம் தருபவை தையோல் என்னும் கந்தகச் சேர்மங்கள். மிக நுண்ணிய அளவிலேயே மணப்பவை. ஒட்சிசன் பட்டால் அதே வேகத்தில் மணம் இழப்பவை. பூ மணம் தரும் லினலூல் கொஞ்சம் நின்று பிடிக்கும். கசப்பைத் தரும் ஐசோ அல்பா அமிலங்களில் சிஸ், டிரான்ஸ் என்று இரண்டு வடிவம் உண்டு. டிரான்ஸ்தான் முதலில் சிதையும். அது சிதைந்து உண்டாகும் பொருட்கள்தான் அந்தச் சொரசொரப்புக்குக் காரணம்.

பழைய வாசனைகளும் இதே நேரத்தில் முளைக்கின்றன. கொப்பி மணத்துக்குப் பெயர்போனது டிரான்ஸ் 2 நொனெனல்; ஒரு லீற்றரில் 0.1 மைக்குரோகிராம் அளவுக்கு வந்தாலே மூக்குக்குத் தெரியும். தேன் மணம் ஃபினைல் அசிற்றல்டிகைட்டு. அவித்த பழ மணம் பீற்றா டமசெனோன். புதிய ஐ.பி.ஏ.யிலும் இவற்றின் சாயல் இருக்கும், ஹொப்ஸ் அதை மூடி வைத்திருக்கும். மூடி போனால் எல்லாம் வெளியே.

இத்தனைக்கும் தீனி போடுவது ஒட்சிசன். நல்ல தயாரிப்பாளர் டின்னில் அடைக்கும்போது மொத்த ஒட்சிசனை 50 பி.பி.பி.க்குக் கீழே வைக்கப் பாடுபடுவார். பி.பி.பி. என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. கலங்கலாக வரும் ஹேஸி வகைக்கு அதுவே அதிகம். ஓட்ஸ், கோதுமை, ஏராளமான ஹொப்ஸ் சேர்ந்த அதில் மங்கனீசும் பொலிபினோலும் அதிகம், அதனால் ஒட்சியேற்றம் விரைவு. மஞ்சளாக இருக்கவேண்டியது ஆற்றுச் சேறுபோலச் சாம்பல் நிறத்தில் ஊற்றப்பட்டால் சுவைத்துப் பார்க்கத் தேவையில்லை.

வெப்பம் இதையெல்லாம் விரட்டி ஓட்டும். 10 பாகை கூடினால் இந்த வேதி வினைகளின் வேகம் இரண்டிலிருந்து மூன்று மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. பிரிட்ஜ் 4 பாகை, கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் நம் தகரக் கூரைக் களஞ்சியம் 34 பாகை என்று வையுங்கள். (கொறிக்கும் கச்சான் இல்லை, மே தாண்டினால் மேற்கிலிருந்து தீய்த்துக்கொண்டு வரும் காற்று.) நடுவில் மூன்று பத்து. எட்டு மடங்கிலிருந்து இருபத்தேழு மடங்கு. தட்டில் ஒரு மாதம், பிரிட்ஜில் எட்டு மாதத்துக்குக் குறையாது. மதுவடிப்பவர்கள் 3–30–300 என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள்: 32 பாகையில் 3 நாள், 22 பாகையில் 30 நாள், 3 பாகையில் 300 நாள் மூன்றும் ஒரே சேதம் என்று. கொஞ்சம் மிகைதான், ஆனால் போக்கு சரி. கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் தார்ப்பாய் மூடிய லொறியில் பகலில் வருகிற பெட்டிக்கு, கடை வாசலுக்கு வருமுன்பே வயது ஏறிவிடுகிறது.

"அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் இந்தியாவுக்கு வந்த பியர்தானே, வெயில் தாங்காதா?" என்று கேட்பவர் உண்டு. தாங்கியது, வேறு பொருளில். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நாலு முதல் ஆறு மாதம் மரப்பீப்பாயில் வந்த அந்தப் பியர், கப்பலேறுமுன்பே மாதக்கணக்கில் ஊறியது. குடித்தவர்களும் ஊறிய சுவையைத்தான் எதிர்பார்த்தார்கள். ஹொப்ஸுக்கு அங்கே வேலை பற்றீரியாவைத் தடுத்துப் புளிக்காமல் காப்பது. அந்த வேலையை அது இன்றும் செய்கிறது, பாசிக்குடா டின் புளிக்கவில்லை. கெட்டுப்போனது அல்ல, கிழடாகிப்போனது.

வெயிலில் இன்னொரு கெடுதி இருக்கிறது, அது போத்தலுக்கு மட்டும். ஒளி பட்டதும் பியரில் உள்ள ரைபோஃபிளேவின் என்ற விற்றமின் அதை வாங்கி ஐசோ அல்பா அமிலத்தை உடைக்க, எம்.பி.ரி. என்ற கந்தகச் சேர்மம் உண்டாகும். எரிந்த றப்பர்போல மணக்கும். பழுப்புப் போத்தல் பெரும்பகுதியைத் தடுக்கும். பச்சையும் வெள்ளையும் தடுக்காது. பாசிக்குடா மணலில் பச்சைப் போத்தலை நட்டுவைத்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் போதும். கிளாஸில் ஊற்றினதும் அப்படியே. பச்சைப் போத்தல் பியரின் இயல்பான மணமே அதுதான் என்று நினைத்துப் பழகியவர்கள் நிறையப் பேர். டின்னுக்குள் ஒளி போகாது, ஆகவே ஹொப்ஸ் பியரை இந்தக் கரையில் டின்னில்தான் வாங்கவேண்டும்.

உப்பிய டின்னை எடுக்கவே வேண்டாம். பச்சையாகப் போட்ட ஹொப்ஸில் மாப்பொருளை உடைக்கும் நொதியங்கள் உண்டு. வடிகட்டாத, சூடாக்காத பியரில் மதுவம் உயிரோடிருந்தால், வெப்பத்தில் மறுபடியும் நொதித்துக் காபனீரொட்சைட்டு நிறையும், வெண்ணெய் மணக்கும் டையசிற்றைலும் வரும். திறந்தால் பாதி சட்டையில்.

வாங்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்கள். அடைத்த திகதி இருந்தால் மூன்று மாதத்துக்குள் வேண்டும். கடை முழுக்கக் குளிரிலேயே வைத்திருந்தது உறுதி என்றால் ஐந்து வரை போகலாம். முடிவுத் திகதி மட்டும் இருந்தால், அது பொதுவாக அடைத்து ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம், ஆகவே குறைந்தது ஒன்பது மாதமாவது மிச்சமிருக்கவேண்டும். சில டின்னில் ஐந்து இலக்கம் மட்டும் இருக்கும்: 25145 என்றால் 2025ஆம் ஆண்டின் 145ஆவது நாள், அதாவது மே 25. இறக்குமதி ஸ்டிக்கர் திகதிக்கு மேலேயே ஒட்டியிருந்தால் நகத்தால் கிளப்பிப் பார்க்கலாம், கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. அறுகம்பேயிலும் பாசிக்குடாவிலும் ஏப்ரல், மே மாதத்தில் கண்ணில் படுவது போன வருடத்து மிச்சமாக இருக்கக்கூடும். ஜூன் தாண்டி, ஆட்கள் நிறைந்து சரக்கு புரளும்போதுதான் கை வைக்கலாம்.

அறுகம்பேயிலிருந்து மட்டக்களப்புக்குக் கொண்டுவர மீன்காரரின் ரெஜிபோம் பெட்டியைப்போல ஒன்று போதும் (அதே பெட்டி வேண்டாம்). குளிர்ந்த 12 டின்னுக்கு 2 கிலோ ஐஸ். சூடான டின் என்றால் 4 கிலோ. அவற்றைக் குளிர்விக்கவே ஒன்றேகால் கிலோ கரைந்துவிடும். குளிர்ந்த பியர் ஒருதரம் சூடானால் கெட்டுவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள், அப்படி இல்லை. மாறி மாறிக் குளிர்வதில் குற்றமில்லை, மொத்தம் எத்தனை மணித்தியாலம் சூட்டில் கிடந்தது என்பதுதான் கணக்கு. வீட்டில் பிரிட்ஜின் உள்பக்கத் தட்டு, கதவு அல்ல. பிரீசர் கூடவே கூடாது, 6.5 சதவீதப் பியர் ஏறக்குறைய சைபருக்குக் கீழே 3 பாகையில் உறையத் தொடங்கி டின்னை வெடிக்கவைக்கும்.

டின்னோடு வாயில் வைத்தால் வாசனைக்குக் கொடுத்த காசு வீண். கிளாஸில், பாதியளவு, பிரிட்ஜிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் கழித்து. பொரித்த மீன் எண்ணெய் உதட்டிலிருந்தால் நுரை உடனே படுத்துவிடும், அதைப் பியரின் குறையாகச் சொல்லக்கூடாது.

வைத்துக் குடிக்கவே ஆசை என்றால் ஐ.பி.ஏ.யை விட்டுவிட்டு லயன் ஸ்டவுட் என்ற கறுப்புப் பியரை வாங்குங்கள். 8.8 சதவீதம் மதுசாரம், வறுத்த மோல்ட். டொபியும் வற்றலும் அதில் கோப்பி, சொக்கலேற் வாசத்தோடு ஒத்துப்போகும். ஐ.பி.ஏ.யைக் கொன்ற அதே மாற்றங்கள் அங்கே சேர்மானம்.

ஏற்கனவே வாங்கி மாட்டிக்கொண்ட பழைய டின்களை நண்டுக் கறியில் ஊற்றிவிடாதீர்கள். வற்ற வற்ற வாசனை பறக்கும், கசப்பு பறக்காது, சட்டி முழுக்க வேப்பிலை. இறால் பொரிக்கலாம்: 100 கிராம் கோதுமை மா, 25 கிராம் அரிசி மா, உப்பு, மிளகாய்த் தூள், குளிரக் குளிர 150 மில்லிலீற்றர் பியர். கட்டி கொஞ்சம் இருந்தாலும் கலக்கிக்கொண்டே இருக்கவேண்டாம், வாயு போய்விடும். கரைத்த உடனே எண்ணெயில் போடவேண்டும்.