பீன்யா அஸ்ஸே லேப்: செம்புக்கு கண்ண மூடிட்டு குடுக்கலாம், தங்கத்துக்கு கண்ண தொறந்து வெச்சுக்கோங்க

கல்லுல எவ்ளோ உலோகம் இருக்குன்னு டெஸ்ட் பண்ண (அதான் அஸ்ஸே) பெங்களூர்ல சாம்பிள் எங்க குடுக்கறதுன்னு கேக்கறவங்களுக்காக எழுதறேன். லேப் பேர் வேணாம், பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியால இருக்கு. எங்க பிளாக் சித்ரதுர்கா பெல்ட்ல, இங்கல்தால்ல முன்னாடி செம்பு எடுத்த அதே பெல்ட் தான், ஆனா எங்க எடத்துல இன்னும் யாரும் தோண்டல, செம்பு ஜிங்க்கோட தங்கமும் சேத்து தேடறோம்.

செம்பு, ஜிங்க், லெட் மூணுக்கும் குறையே இல்ல. நாலு ஆசிட்ல கரைச்சு, எந்த உலோகம் எவ்ளோன்னு அளக்கற ஐசிபி மெஷின்ல ஓட்டறாங்க, நாங்க நடுநடுவுல சொல்லாம சொருகி வெச்ச ஸ்டாண்டர்ட் (எவ்ளோ இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்ச சாம்பிள்) எல்லாம் கரெக்டா வந்துச்சு.

தங்கம் தான் பேஜார். உலைல உருக்கி தங்கத்த அளக்கற ஃபயர் அஸ்ஸேய பாக்கணும்னு கேட்டேன், உள்ள விட்டாங்க. உலைகிட்ட நின்ன அண்ணன் கேஜிஎஃப்காரர், சுரங்கம் 2001ல மூடுனப்புறம் இந்த பக்கம் வந்தவராம், தமிழ்லயே எல்லாம் சொன்னார். 30 கிராம் கல்லு பவுடர லித்தார்ஜ் (ஈய ஆக்சைடு), சோடா, போராக்ஸோட உருக்கி ஊத்துனா ஈயம் தங்கத்த புடிச்சுட்டு அடில உக்காருது, கசட சுத்தியால தட்டி விட்டுட்டு அந்த ஈயத்த குப்பெல்ங்கற உறிஞ்சற சின்ன கிண்ணத்துல வெச்சு சூடு பண்ணா ஈயத்த குப்பெல் குடிச்சுடுது, மிச்சம் கடுகுல பாதி கூட இல்லாத ஒரு மணி. கல்லுல சல்ஃபைட் (கந்தகம் சேந்த கனிமம்) ஜாஸ்தி இருந்தா 15 கிராம் தான் போடுவேன்னார், கேக்காமயே சொன்னார், வேல தெரிஞ்ச மனுஷன்.

பிரச்சன அதுக்கு முன்னாடி, கிரஷர்ல. தங்கம் ரிச்சா இருக்கற குவார்ட்ஸ் வெயின் சாம்பிளுக்கு அடுத்து நாங்க வெச்ச பிளாங்க்ல (தங்கமே இல்லாத கல்லு) தங்கம் காட்டுது! வெறும் கல்லுல ஏதுங்க தங்கம்? நடுவுல சுத்தம் பண்ணாம அரைச்சிருக்காங்க. மெயில் போட்டா ஒரு வாரம் பதிலே இல்ல, நேர்ல போய் நின்னதும் மிச்ச கல்ல எடுத்து ஃப்ரீயா திரும்ப பண்ணி குடுத்தாங்க, இந்த தடவ பிளாங்க் கிளீன்.

ஆனா ஒரே சாம்பிள் பையில ரெண்டு தடவ ரெண்டு விதமா வந்தா உடனே லேப திட்டாதீங்க, தங்கம் பெரிய துகளா இருந்தா அப்படித்தான் ஆடும். அதுக்கு ஒரு கிலோவ சலிச்சு பண்ற ஸ்கிரீன் ஃபயர் அஸ்ஸே இருக்கு, காசு கூட, இங்க நல்லாவே பண்றாங்க.

பில் மட்டும் மின்னல் வேகத்துல வருது, எக்ஸெல் ஃபைலுக்கு கெஞ்சணும். அடுத்த பேட்சும் இங்க தான், ஆனா ரிச் சாம்பிளுக்கு அப்புறம் கிரஷர்ல வெறும் குவார்ட்ஸ் ஓட்டி சுத்தம் பண்ணணும்னு ஃபார்ம்லயே எழுதி சைன் வாங்கிட்டு தான் பைய எறக்குவேன்.