ஃபியூல் பம்புக்கு 12 வோல்ட் வருது, ஆனா வண்டி இழுக்கல: பீப் சத்தமா, டெஸ்ட் லைட்டா, வோல்டேஜ் டிராப்பா?

பின் சீட்டைத் தூக்கி, டேங்க் மூடிக்கு மேலே இருக்கும் பம்ப் கப்ளரை (ஒயர் சாக்கெட்டை) கழற்றி, மீட்டரை வைத்தால் 12.4 வோல்ட் காட்டும். "சப்ளை சரியா வருது, பம்புதான் போச்சு" என்று முடிவு கட்டிப் புது பம்ப் போடுவார்கள். பெட்ரோல் எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர்) வண்டிகளில் வீணாகப் பம்ப் மாற்றப்படுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்க முடியாது. பொய் சொல்வது மீட்டர் இல்லை. நாம் கேட்ட கேள்விதான் தப்பு.

ஒயரிங்கைச் சோதிக்க ஒர்க்‌ஷாப்பில் நாலு வழி புழங்குகிறது: கன்டினியூட்டி பீப் (ஒயர் அறுபடாமல் இருந்தால் மீட்டர் எழுப்பும் சத்தம்), டெஸ்ட் லைட், லோடில் வைத்து (பம்பை ஓடவிட்டு) வோல்டேஜ் டிராப், அதாவது வழியில் தொலையும் வோல்ட், டிசி கிளாம்ப் மீட்டர். நான் சாய்வது வோல்டேஜ் டிராப் பக்கம். காரணம் ஒன்றே ஒன்று: சோதிக்கும் நேரத்தில் அந்த ஒயரில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பது.

கணக்கைப் பாருங்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் ஓடும்போது பொதுவாக 4 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். அது இழுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியருக்குச் சற்று மேல். எலி கடித்து ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருக்கும் ஒயரிலும் அந்த மைக்ரோ ஆம்பியர் தாராளமாகப் போகும். வழியில் 1000 ஓம் தடை இருந்தாலும் மீட்டர் 12.4 என்றே காட்டும். கப்ளரைக் கழற்றிவிட்டு வோல்டேஜ் பார்ப்பது, குழாயைத் திறக்காமல் தண்ணீர் அழுத்தத்தைப் பார்ப்பது மாதிரி.

பீப் இன்னும் மோசம். பல மீட்டர்கள் 30, 50 ஓம் வரைக்கும் 'பீப்' அடித்துவிடும். பம்ப் லைனில் அரை ஓம் தடை இருந்தாலே தொல்லை ஆரம்பம். பம்பைச் சுமார் 2 ஓம் என்று வைத்துக்கொண்டால், துரு பிடித்த கப்ளர் பின்னில் இருக்கும் அரை ஓமில் ஏறக்குறைய இரண்டரை வோல்ட் தொலைந்துபோகும், பம்புக்குப் பத்துதான் மிஞ்சும். ஐடிலில் ஒன்றும் தெரியாது. மேடு ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் இழுவை இருக்காது, ஜெர்க் அடிக்கும். அந்த அரை ஓமை மீட்டரின் ஓம் ரேஞ்சிலேயே பார்த்துவிடலாமே என்றால், மீட்டர் ஒயர்களின் சொந்தத் தடையே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். எது எதனுடையது என்று பிரிக்க முடியாது. பாட்டரியைக் கழற்றிவிட்டு, எந்த ஒயர் எங்கே போகிறது என்று தேட மட்டும் பீப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் லைட்டைப் பற்றி அப்படி ஒதுக்கிப் பேசமாட்டேன். ஆனால் எந்த பல்ப் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எல்இடி டெஸ்டர் சில மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். லோடுச் சோதனைக்கு அது மீட்டரின் தம்பி. 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் 1.75 ஆம்பியர் இழுக்கும். அரை ஓம் தடையில் அது முக்கால் வோல்ட் போல இழந்தாலும் வெளிச்சக் குறைவு கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. ஹெச்-4 ஹெட்லைட் பல்பின் 55 வாட் இழை நாலரை ஆம்பியர் இழுப்பதால் பம்புக்கு நல்ல மாற்றாள். கோளாறு இருந்தால் மஞ்சளடித்து எரியும். அது நன்றாகச் சூடாகும் என்பதால் டேங்க் வாயருகே வைக்காதீர்கள். ஒயரை நீட்டிக் கதவுக்கு வெளியே வையுங்கள், டேங்க்குக்குள் பம்ப் இருக்கும் மாட்யூலின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது.

பல்ப் ஜெயிக்கும் இடங்கள் இரண்டு. சாவியை ஆன் செய்ததும் இசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இரண்டு மூன்று விநாடிக்குப் பம்பை ஓட்டிவிட்டு நிறுத்தும்; இதுதான் பிரைம். அந்தச் சின்ன நேரத்தை டிஜிட்டல் எண்கள் ஓடி முடிப்பதற்குள் தவறவிடலாம். பல்ப் பளிச்சென்று காட்டும். பிரைமில் எரிந்து செல்ஃப் அடிக்கும்போது எரியவில்லை என்றால் எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சார் பக்கம் பாருங்கள். இசிஎம்முக்கு ஆர்பிஎம் தெரியாவிட்டால் பம்ப் ரிலேயை (பம்புக்கு சப்ளை விடும் மின்சுவிட்சை) ஆஃப் செய்துவிடும். இன்னொன்று, அடிக்கடி ஃபியூஸ் போகும் வண்டி. ஃபியூஸ் இடத்தில் 21 வாட் பல்பைப் போட்டு, பம்ப் கப்ளரைக் கழற்றி, ரிலே பிடித்திருக்கும்போது பாருங்கள். பல்ப் எரிந்தால் ஃபியூஸுக்கும் கப்ளருக்கும் நடுவே ஒயர் பாடியில் உரசுகிறது. ஹார்னஸை ஆட்டிக்கொண்டே போனால் அணையும் இடம்தான் கோளாறு. ஆனால் ரிலே காயிலை இயக்கும் இசிஎம் ஒயரில் இழை பல்பைக் கொண்டுபோய்த் தொடாதீர்கள். காயில் இழுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு. 21 வாட் பல்ப், இசிஎம் உள்ளே ரிலேயை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டைக் காலி செய்துவிடும். அங்கே மட்டும் எல்இடி.

இனி வோல்டேஜ் டிராப். கப்ளர் மாட்டியே இருக்க வேண்டும், பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சின் ஓடினால் அப்படியே பார்க்கலாம். ஓடாவிட்டால் ரிலேயைப் பிடுங்கி, சாக்கெட்டில் கான்டாக்ட் பின்களான 30-ஐயும் 87-ஐயும் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒயரால் இணையுங்கள். ஜப்பான் வகை ரிலேக்களில் இந்த எண்கள் இருக்காது; ரிலே மேலேயே படம் போட்டிருக்கும், அதைப் பார்த்துக் கான்டாக்ட் பின் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பாட்டரி பிளஸ்ஸிலும், கறுப்பு முனையைக் கப்ளரின் பின்பக்கம் ஒயர் நுழையும் துளை வழியாக ஊசி செருகிப் பம்பின் பிளஸ் பின்னிலும் தொடுங்கள். திரையில் வருவது வழியில் தொலைந்த வோல்ட். அடுத்து சிவப்பு பம்பின் மைனஸ் பின்னில், கறுப்பு பாட்டரி மைனஸில்: அது எர்த் பக்க இழப்பு. பாட்டரி முன்னால், பம்ப் பின்னால் என்பதால் நாலைந்து மீட்டர் நீட்டிப்பு ஒயர் வேண்டும். எந்த மெல்லிய ஒயரும் போதும். மீட்டர் மைக்ரோ ஆம்பியர்தான் இழுக்கிறது என்ற அதே குணம் இங்கே நமக்குச் சாதகம்.

பிளஸ் பக்கம் மொத்தம் அரை வோல்ட், எர்த் பக்கம் 0.2 வோல்ட். இதற்கு மேல் போனால் தேட ஆரம்பியுங்கள். இவை கைக்கணக்கு வரம்புகள். மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. தேடும்போது பாதிப்பாதியாக வெட்டுங்கள்: முதலில் பாட்டரியிலிருந்து ரிலே வரை, பிறகு ரிலேயிலிருந்து பம்ப் வரை. எண் எங்கே குதிக்கிறதோ அந்தத் துண்டில் ஃபியூஸ் சாக்கெட், இடைக் கப்ளர் என்று ஒவ்வொன்றாக. 30-87 இணைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்து, ரிலேயைப் போட்டதும் இழப்பு ஏறினால் ரிலே கான்டாக்ட் கருகியிருக்கிறது.

ஒரு பொறி உண்டு. இரண்டு பக்கமும் 0.00 வந்தால் சந்தோஷப்படாதீர்கள். பம்ப் ஓடாமல் 0.00 வந்தால் ஒயரில் கரன்ட்டே ஓடவில்லை என்று அர்த்தம். அப்போது பம்பின் இரு பின்களுக்கும் குறுக்கே முழு பாட்டரி வோல்டேஜ் நின்றால் பம்ப் உள்ளே ஓப்பன் (சுற்று அறுந்திருக்கிறது). அதை மாற்றுவதில் தவறில்லை. மாறாக, பாட்டரி பிளஸ்ஸுக்கும் பம்ப் பிளஸ்ஸுக்கும் நடுவே 12 வோல்ட் முழுசாக வந்தால் அந்த வழியில் ஒயர் அறுந்திருக்கிறது.

நம்மூர் வண்டிகளில் எண் குதிக்கும் முதல் இடம் பெரும்பாலும் கம்பெனி ஒயரில் இருக்காது. செக்யூரிட்டி அலாரம், ஜிபிஎஸ் டிராக்கரின் எஞ்சின் கட்-ஆஃப் ரிலே, எல்பிஜி கிட் எல்லாம் பல வண்டிகளில் பம்ப் லைனை வெட்டித்தான் நுழைந்திருக்கும். முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய ஜாயின்ட்டை முதலில் சந்தேகப்படுங்கள். அடுத்தது எர்த். 2015 சென்னை வெள்ளம் போல நீரில் நின்ற வண்டிகளிலும் கடலோர ஊர் வண்டிகளிலும் கார்ப்பெட்டுக்கு அடியில் எர்த் போல்ட் பச்சை பூத்திருக்கும். சுரண்டி, உலோகம் தெரிய உரசி, இறுக்கினால் போதும்.

மூன்றாவது, மாட்யூல் கப்ளரே பழுப்பாக உருகியிருப்பது. பின் தளர்ந்தால் சூடு, சூட்டால் தடை, தடையால் மேலும் சூடு. பழைய கப்ளரிலேயே புது பம்பை மாட்டினால் திரும்பவும் உருகும். ஒயருடன் வரும் புதுக் கப்ளர் வாங்கி, அதே தடிமன் ஒயரில், ஜாயின்ட்டுகளை ஒன்றுக்கொன்று தள்ளி வைத்து, கிரிம்ப் அல்லது சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

டிசி கிளாம்ப் மீட்டர் எதையும் கழற்றாமல் ஆம்பியரைச் சொல்லும். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் இங்கே உதவாது. கரன்ட் குறைவு என்றால் தடை, அதிகம் என்றால் பம்ப் இறுகுகிறது அல்லது ஃபில்டர் அடைப்பு என்பது பொது வழிகாட்டி. மாடலுக்கு மாடல் எண் வேறு என்பதால், அதே மாடலில் நல்ல வண்டி ஒன்றை அளந்து ஒப்பிடாமல் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லமாட்டேன்.

டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் பம்புக்குத் தனி கன்ட்ரோல் மாட்யூல் உண்டு. சப்ளையை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்துப் பம்ப் வேகத்தை அது மாற்றும். மீட்டர் காட்டுவது சராசரிதான், ஆகவே மேலே சொன்ன அரை வோல்ட் கணக்கு மாட்யூலுக்கும் பம்புக்கும் நடுவே செல்லாது. பாட்டரியிலிருந்து மாட்யூல் வரையும், மாட்யூலின் எர்த்திலும் டிராப் பாருங்கள். அதற்கப்பால் ஆசிலாஸ்கோப் வேலை.