முடக்குவாதம் எந்தப் பக்கம் போகும்: எந்தப் பரிசோதனையை நம்புவது?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு என்று எந்தப் பக்கம் முடக்குவாதம் (உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) உள்ளவர்களிடம் பேசினாலும் கேட்பது இரண்டே கேள்வி. விரல் கோணிப் போகுமா? மாத்திரையை என்றைக்காவது நிறுத்த முடியுமா? இதற்குப் பதில் சொல்ல நான்கைந்து பரிசோதனைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் காசு கட்ட இங்கே பலரால் முடியாது. அதனால் எது எவ்வளவு தேறும் என்று பார்த்துவிடுவது நல்லது.

முதல் போட்டி ஆர்.ஏ. ஃபேக்டருக்கும் ஆன்டி சி.சி.பி.க்கும். இரண்டுமே இந்த நோயில் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் பரிசோதனைகள். ஆர்.ஏ. ஃபேக்டர் விலை குறைவு, எந்த லேபிலும் எடுப்பார்கள். நோய் உள்ளவர்களில் 70 முதல் 80 சதவீதம் பேருக்கு பாசிட்டிவ் வரும். ஆனால் காசநோய், ஹெபடைடிஸ் சி இருந்தாலும் வரும்; வயதான, நோயே இல்லாத சிலருக்கும் வரும். 2006-ல் சிக்குன்குனியா தமிழ்நாட்டில் பரவியபோது மாதக்கணக்கில் மூட்டு வீங்கிக் கிடந்தவர்களை நம் தெருக்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த வீக்கமும் பார்வைக்கு முடக்குவாதம் போலவே இருக்கும். ஆக, இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு ஆயுளுக்கும் பயப்படுவது நியாயமில்லை.

ஆன்டி சி.சி.பி. விலை கூடுதல்தான், ஆனால் துல்லியமானது. முடக்குவாதம் இல்லாத 100 பேருக்கு எடுத்தால் ஏறக்குறைய 95 பேருக்கு நெகட்டிவ் என்றே வரும். நோய் உள்ளவர்களிலும் சுமார் மூன்றில் ஒருவருக்கு நெகட்டிவ் வரலாம் என்பதையும் மறக்கக் கூடாது. அளவு இயல்பு வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால் அதை உயர் பாசிட்டிவ் என்று 2010-ல் வந்த சர்வதேச வரையறை சொல்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு எலும்பு அரிக்கும் வாய்ப்பு அதிகம், மருந்தில்லாமல் நோய் அடங்கியிருக்கும் வாய்ப்பு குறைவு. முன்கூட்டிச் சொல்வதில் என் ஓட்டு இதற்குத்தான். ஒரே ஒரு தடவை எடுத்தால் போதும். எண் இறங்கியதா என்று மாதாமாதம் எடுப்பது வீண் செலவு. கூடவே எழுதித் தரும் ஏ.எஸ்.ஓ. (தொண்டைக் கிருமித் தொற்று வந்ததா என்று பார்க்கும்) பரிசோதனைக்கு இந்த நோயின் போக்கைக் கணிப்பதில் வேலையே இல்லை.

அடுத்து ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள். இவை இன்றைக்கு உள்ளே எவ்வளவு அழற்சி (இன்ஃப்ளமேஷன்) இருக்கிறது என்று காட்டும். ரத்தசோகை இருந்தால் ஈ.எஸ்.ஆர். தானாகவே ஏறும், வயது ஏறினாலும் ஏறும். ரத்தசோகை நம் பெண்களிடம் எவ்வளவு சகஜம் என்று சொல்ல வேண்டியதில்லை. சி.ஆர்.பி. சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். அதனால் மருந்து வேலை செய்வதைப் பார்க்க அதுவே மேல். முடக்குவாதத்துக்கான டோசிலிசுமாப் ஊசி போடுகிறவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மருந்து சி.ஆர்.பி.யை நேரடியாகவே அமுக்கிவிடும், மூட்டு வீங்கியிருந்தாலும் ரிப்போர்ட் அழகாக வரும்.

இனி, நோய் அடங்கிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? டாஸ்-28 என்ற கணக்கில் 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. அளவையும் சேர்த்து ஒரு எண் போடுவார்கள். 2.6-க்குக் கீழே என்றால் அடங்கியது, 5.1-க்கு மேலே என்றால் கடுமை. சி.டி.ஏ.ஐ. கணக்குக்கு ரத்தமே வேண்டாம். வீக்கம், வலி உள்ள மூட்டுகளை எண்ணி, நோயாளியும் மருத்துவரும் தரும் மதிப்பெண்ணைக் கூட்டினால் போதும். 2.8 வரை அடங்கிய நிலை. கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனை ஓ.பி.க்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன். லேப் முடிவுக்காக இன்னொரு நாள் கூலியை விட வேண்டாம் பாருங்கள்.

இரண்டு கணக்கிலும் ஒரே ஓட்டை: பாதத்து மூட்டுகள் சேராது. காசிமேட்டில் மீன் வெட்டித் தரும் ஓர் அக்காவுக்கு விரல்கள் நன்றாகவே மடங்குகின்றன, அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தால் வேலை தடைபடுவதில்லை. “கை பரவாயில்ல தம்பி. விடியக்காலையில ஏலத்துக்கு நடக்கும்போதுதான் கால் விரல் அடியில கல்லு மாதிரி குத்துது” என்றார். எண்ணைப் பார்த்தால் அவர் நோய் அடங்கியவர். செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு தடவை அழுத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும். எலும்பு அரிப்பும் பல பேருக்குப் பாதத்தில்தான் முதலில் தெரிகிறது. அதனால் எக்ஸ்ரே எடுத்தால் கையோடு காலுக்கும் கேட்டு எடுங்கள். மூட்டில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் டாப்ளர் ஸ்கேன், வெளியே தெரியாத அழற்சியைக்கூடக் காட்டும். ஆனால் நார்வேயில் நடந்த ‘ஆர்க்டிக்’ என்ற ஆய்வு 2016-ல் வெளியானபோது, எல்லோருக்கும் ஸ்கேன் பார்த்து மருந்தை மாற்றியதால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. சந்தேகம் வந்தால் மட்டும் எடுக்கலாம்.

இவ்வளவையும் தாண்டி எனக்கு நம்பிக்கையான கணிப்பு, சிகிச்சையின் முதல் மூன்று மாதம்தான். அதற்குள் முன்னேற்றமே இல்லை என்றாலோ, ஆறு மாதத்தில் நோயை அடக்கும் இலக்கை எட்டவில்லை என்றாலோ மருந்தை மாற்றியாக வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். 2004-ல் வெளியான கிளாஸ்கோ ஆய்வு ஒன்றில் மாதாமாதம் வீங்கிய, வலிக்கும் மூட்டுகளை எண்ணி மருந்தைக் கூட்டிய குழுவில் 65 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, வழக்கமான கவனிப்பில் 16 சதவீதம் பேருக்குத்தான். அந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்தது எந்த விலை உயர்ந்த ரத்தப் பரிசோதனையும் இல்லை. வலி குறைந்ததும் ஓ.பி. தேதியைத் தள்ளிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

அப்புறம் பீடி, சிகரெட். புகைக்கிறவர்களுக்கு நோய் அடங்குவது கடினம். உடல் பருமனும் அப்படித்தான்.

மாத்திரையை நிறுத்துவதைப் பற்றி: நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கியிருந்து, ஸ்டீராய்டும் நின்ற பிறகு மருத்துவர் அளவைக் குறைத்துப் பார்க்கலாம். ஆன்டி சி.சி.பி. நெகட்டிவாக உள்ளவர்களுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல். வாரம் ஒரு நாள் போடும், இந்த நோயின் முக்கிய மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டைத் தானாகவே நிறுத்துகிறவர்களில் பலருக்கு வீக்கம் திரும்பிவிடுகிறது. குறைக்கும் மாதங்களில் மூட்டு எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள், பாதத்தையும் சேர்த்து.