மாவு புளிச்சத எதுல சொல்லுவாங்க? வாட்ஸப் போலா, கூகுள் ஃபார்மா

எங்க அக்கா மதுரைல வீட்ல இருந்தே இட்லி மாவு அரைச்சு விக்கிறாங்க, வாட்ஸப் குரூப்ல ஒரு 140 பேரு இருக்காங்க, ஆர்டர் எல்லாம் அதுல தான். சித்திரை வெயில்ல ரெகுலரா வாங்குற சில பேரு சத்தமில்லாம நின்னுட்டாங்க. கேட்டுருவோம்னு மொதல்ல குரூப்லயே ஓட்டு போடுற போல் (poll) போட்டோம், அப்புறம் லிங்க் தொட்டு பதில் நிரப்புற கூகுள் ஃபார்ம் அனுப்புனோம், ரெண்டுலயும் வந்த பதிலுக்கு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல.

போல் போடுறது ஒரு நிமிஷ வேலை. 12 ஆப்ஷன் வரைக்கும் வைக்கலாம், லிங்க் தொட்டு வேற எங்கயும் போக வேண்டியதில்ல, அதனால பதில் கொட்டும். "மாவு எப்படி இருக்கு?"ன்னு போட்டதுக்கு ஒரு மணி நேரத்துல 38 ஓட்டு, அத்தனையும் "சூப்பர்", "நல்லா இருக்கு" தான். "புளிக்குது"ன்னும் ஒரு ஆப்ஷன் வச்சிருந்தோம், அதுல ஒருத்தர் கூட இல்ல. குரூப் போல்ல யாரு எதுக்கு ஓட்டு போட்டாங்கன்னு எல்லாருக்கும் பேரோட தெரியும், தெனம் வாசல்ல பாக்குற பொண்ண 140 பேரு முன்னாடி குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? பக்கத்து வீட்டம்மா அப்புறமா சொன்னாங்க, "நீ கஷ்டப்பட்டு அரைக்கிற, குரூப்ல போயி எப்படிம்மா சொல்றது"ன்னு.

ஃபார்ம்ல பதில் கம்மி, 22 பேரு தான். ஆனா விஷயம் அதுல தான் கெடச்சுது. பேரு, போன் நம்பர் எதுவும் கேக்கல, கேள்வியையும் மாத்திட்டோம், ஏன்னா "எப்படி இருக்கு"ன்னு கேட்டா மரியாதைக்காவது நல்லா இருக்குன்னு தான் வரும். கடைசியா வாங்குன மாவு எத்தனாவது நாள் புளிச்சுது, கைக்கு எத்தனை மணிக்கு வந்துச்சு, வந்ததும் ஃப்ரிட்ஜ்ல வச்சீங்களா, இந்த மூணே மூணு தான். 9 பேரு மறுநாளே புளிச்சுதுன்னு போட்டிருந்தாங்க. பதில் எல்லாம் ஷீட்ல வந்துரும்ல, நேரத்த வச்சு வரிசைப்படுத்தி பாத்தா அந்த 9ல 7 பேரு சாயங்காலம் 6 மணிக்கு மேல வாங்குனவங்க! காலைல அரைச்ச மாவு கடைசி ட்ரிப் வரைக்கும் வண்டிப் பையிலயே வெந்துட்டு கெடந்திருக்கு. இப்ப சாயங்கால ட்ரிப்புக்கு அக்கா மதியம் தனியா அரைக்கிறாங்க.

ஃபார்ம்ல நெறைய பேரு தப்பு பண்ற எடம் ஒண்ணு இருக்கு. ஒருத்தருக்கு ஒரு பதில்னு செட்டிங் போட்டா ஜிமெயில் லாகின் கேக்கும், பாதிப் பேரு பாஸ்வேர்ட் ஞாபகம் இல்லாம அங்கயே திரும்பிருவாங்க, பேரு கேக்கலைன்னாலும் நம்மள யாருன்னு கண்டுபிடிச்சிருவாங்களோன்னு பயமும் வந்துரும். ஆஃப் பண்ணியே வைங்க. ஒருத்தர் ரெண்டு தடவை போட்டுருவாரேன்னா, நூறு கஸ்டமர் உள்ள கடைக்கு அது பெரிய ஆபத்தில்ல.

இன்ஸ்டா ஸ்டோரி போல் 24 மணி நேரத்துல போயிரும், அதுவுமில்லாம அங்க ஓட்டு போடுறவங்க ஃபாலோயர்ஸ், மாவு வாங்குறவங்க இல்ல. கூகுள் ஃபார்ம் மாதிரியே இன்னொண்ணு டைப்ஃபார்ம், பாக்க அழகா இருக்கும், ஒரு நேரத்துல ஒரு கேள்வி தான் காட்டும், ஆனா இலவச ப்ளான்ல மாசத்துக்கு 10 பதில் தான், நம்ம 22க்கே பத்தாது.

"0லேர்ந்து 10க்குள்ள எங்கள எவ்ளோ சிபாரிசு பண்ணுவீங்க"ன்னு கேக்குற என்பிஎஸ் (நெட் ப்ரமோட்டர் ஸ்கோர்) பத்தியும் சொல்லணும், 2003ல அமெரிக்க பிசினஸ் ஆலோசகர் ஃப்ரெட் ரைக்ஹெல்ட் கொண்டு வந்தது. 9, 10 போட்டவங்க சதவீதத்துல இருந்து 6ம் அதுக்குக் கீழயும் போட்டவங்க சதவீதத்த கழிக்கணும். பெரிய கம்பெனிக்கு சரி, 22 பேருல ஒரே ஒருத்தர் 9லேர்ந்து 6க்கு எறங்குனாலே ஸ்கோர் 9 பாயின்ட் சரியும், அத வச்சு அக்கா ராத்திரி தூங்காம கவலப்படுறதுல என்ன இருக்கு?

அதுக்காக போல் வேண்டாம்னு சொல்லல, கூச்சப்பட ஒண்ணுமில்லாத கேள்விக்கு அதான் பெஸ்ட். இந்த ஞாயித்துக்கிழமை அடை மாவா கம்பு மாவான்னு நேத்து போட்டோம், ஒருத்தரே ரெண்டையும் தொடுற செட்டிங் தானாவே ஆன்ல இருக்கும், அத மட்டும் ஆஃப் பண்ணிட்டு. கம்புக்கு 31, அடைக்கு 12. அக்கா 6 கிலோ கம்பு வாங்க கெளம்பிட்டாங்க.