வீட்டில் திருத்திய ரீவி பவர் போட்: ஏழு ஆண்டுகளின் பின் எழுதுவது

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டில், 2012ஆம் ஆண்டு வாங்கிய 32 அங்குலத் தட்டைத் திரை ரீவி ஒன்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பவர் போட்டை, அதாவது சுவர் மின்னைச் செற்றுக்கு ஏற்றதாக மாற்றிக்கொடுக்கும் சுற்றுப்பலகையை, நான் இரண்டு தடவை கழற்றித் திருத்தியிருக்கிறேன். முதல் திருத்தம் 14 மாதங்கள் தாங்கியது. இரண்டாவது ஐந்து ஆண்டுகளைக் கடந்தும் தாங்குகிறது. கழற்றியதும் பற்றவைத்ததும் அதே கைதான். இரண்டுக்கும் இடையில் மாறியது பெரும்பாலும் கடையில் வாங்கிய பொருள் என்பதால், இந்தப் பகிர்வில் பற்றவைக்கும் வித்தையை விடப் பொருள் வாங்கிய கதையே கூடுதலாக இருக்கும்.

கோளாறு 2018இன் கடைசியில் தொடங்கியது. ரிமோட்டை அழுத்தினால் சிவப்பு விளக்கு மின்னும், உள்ளே ரிலே ‘டிக்’ என்று ஒலிக்கும், இரண்டு மூன்று விநாடிகளில் எல்லாம் அணைந்து பழையபடி சிவப்பு விளக்குக்குத் திரும்பிவிடும். முதலில் மூன்று தடவை முயன்றால் படம் வந்தது. டிசம்பர் நடுப்பகுதியில் கால் மணி நேரம் தேவைப்பட்டது. ஆறரை மணி நாடகத்துக்காக அம்மா ஆறு மணிக்கே ரிமோட்டுடன் உட்காரத் தொடங்கினார். இந்த அறிகுறி பெரும்பாலும் ஒரே திசையைத்தான் காட்டும். மின்பகுபொருள் உலர்ந்துபோன கொள்ளளவியின், அதாவது மின்னைத் தேக்கிவைக்கும், கடைக்காரர்கள் கப்பாசிற்றர் என்று சொல்லும் பாகத்தின், அகத்தடை ஏறிவிடுகிறது. திரும்பத் திரும்ப முயலும்போது அது சற்றுச் சூடாகி அகத்தடை இறங்குகிறது. ஆகவே பத்தாவது முயற்சியில் செற் உயிர்பெறுகிறது. அந்தப் பத்து பின்னர் இருபதாகிறது.

திருத்தும் இடமொன்றில் கேட்டபோது, போட் முழுவதையும் மாற்ற 12,000 ரூபா என்றார்கள். அந்தப் போட்டும் புதிதன்று, திரை உடைந்த வேறொரு செற்றிலிருந்து கழற்றியது, உத்தரவாதமும் இல்லை. எங்கள் செற்றின் வயதுடைய போட்டில் எங்கள் செற்றின் வயதுடைய கொள்ளளவிகள்தாமே இருக்கும் என்ற எண்ணமே என்னைத் திருகாணிச் செலுத்தியை எடுக்கவைத்தது. “தம்பி, உதைத் திறந்து கையைக் கிய்யைச் சுட்டுப்போடாத” என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது.

நமது வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ற் ஆடலோட்டம். போட்டில் அது நேரோட்டமாக்கப்பட்டு, தடித்த பெரிய கொள்ளளவி ஒன்றில் ஏறத்தாழ 325 வோல்ற்றாகத் தேங்குகிறது; வலுக்காரணியைத் திருத்தும் சுற்று உள்ள பெரிய செற்றுகளில் இது 380 முதல் 400 வரை போகும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அந்த மின்னேற்றம் அங்கேயே இருக்கக்கூடும், குறிப்பாகப் போட் பழுதாகி மின்னை இழுக்காமல் நின்றுவிட்ட நிலையில். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று சிலர் தைரியம் சொல்வார்கள். பிளக் கழன்று கிடக்கும்போது அடிப்பது கொள்ளளவியில் தேங்கிய மின், சுவரிலிருந்து வரும் மின் அன்று. அதைப் பற்றி ட்ரிப் சுவிட்சுக்கு எதுவும் தெரியாது. நான் 2 கிலோ ஓம், 10 வாற்றுத் தடையி ஒன்றின் இரு முனைகளிலும் காவலிட்ட வயரைப் பற்றவைத்து, அதைப் பெரிய கொள்ளளவியின் இரு கால்களிலும் சில விநாடிகள் பிடித்தேன். பிறகு பல்மானியை (மல்ரிமீற்றரை) நேரோட்ட வோல்ற்றளவில் வைத்துப் பார்த்து, ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிய பின்னரே போட்டின் திருகாணிகளைக் கழற்றினேன். திருகாணிச் செலுத்தியால் இரு கால்களையும் நேரடியாகத் தொட்டுப் பொறிபறக்க இறக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது செலுத்தியின் நுனியையும் போட்டின் செப்புத் தடத்தையும் தின்னும். கையிலும் முகத்திலும் எதுவும் தெறிக்காவிட்டால் அது அதிர்ஷ்டம்.

போட்டைத் திருப்பி மேசை விளக்கின் கீழ் வைத்ததும் குற்றவாளிகள் தாமாகவே தெரிந்தன. நிலைமாற்றிக்கு (ட்ரான்ஸ்போமருக்கு) அப்பால், குறைந்த வோல்ற்றளவுப் பக்கத்தில், வெப்பத்தைப் பரப்பும் அலுமினியத் தகட்டை ஒட்டி நான்கு கொள்ளளவிகள் நின்றன. அவற்றின் தலையில் வெடிப்பைத் தடுப்பதற்காகச் சிலுவை வடிவில் கீறிவிட்டிருப்பார்கள். மூன்றின் தலை சிறு வடையின் முதுகுபோல் உப்பியிருந்தது. ஒன்றில் கீறல் பிளந்து, மண்ணிறப் பொருள் கசிந்து காய்ந்திருந்தது. நான்காவது பார்வைக்கு நன்றாகவே இருந்தது. பல்மானியின் கொள்ளளவு அளவீட்டிலும் அது சித்தியடைந்தது, ஆனால் சாதாரண பல்மானி அகத்தடையைக் காட்டாது. ஆகவே நான்கையும் மாற்றுவதென்று முடிவுசெய்தேன்: 10 வோல்ற் 1000 மைக்ரோபரட் இரண்டு, 25 வோல்ற் 1000 மைக்ரோபரட் இரண்டு.

100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய் முதலாம் குறுக்குத் தெருவில் இறங்கித் தேடினேன். கொள்ளளவும் வோல்ற்றும் சொன்னதும் கடைக்காரர் ஒரு பிளாஸ்ரிக் டப்பாவிலிருந்து அள்ளி வைத்தார். பக்கவாட்டில் அது தாங்கும் உச்ச வெப்பநிலை 85 பாகை என்று அச்சிடப்பட்டிருந்தது. பழையதில் 105 என்று இருந்ததை எடுத்துக் காட்டினேன். “ரெண்டும் ஒண்டுதான் தம்பி, இது வேலை செய்யும்” என்றார். ஒன்று 40 ரூபா. வேலை செய்யும் என்று அவர் சொன்னது பொய்யுமன்று. எவ்வளவு காலம் என்று நான்தான் கேட்கவில்லை.

முதல் தடவை என்னிடம் இருந்தது 25 வாற்று சோல்டரிங் அயன். நேர்முனைக் கால் உடனே கழன்று வந்தது. மறைமுனைக் கால் தரைக்குச் செல்லும் அகன்ற செப்புப் பரப்பில் இணைந்திருந்தபடியால், அயனின் சூடு முழுவதையும் செம்பு குடித்துவிட, ஈயம் இளகவே இல்லை. அவசரத்தில் இழுத்து ஒரு செப்புத் தடத்தைச் சற்றுக் கிளப்பிவிட்டேன். புதிய ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்துச் சூடாக்கினால் பழையது அதனுடன் கலந்து இளகும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். புதியவற்றின் பக்கவாட்டுக் கோடு மறைமுனை. போட்டில் வெள்ளை பூசிய அரைவட்டமும் அதே முனை. இதை நான்கு தடவை சரிபார்த்த பின்னரே பிளக்கைச் செருகினேன், ஏனெனில் மாறிப் பொருத்திய கொள்ளளவி சும்மா இருப்பதில்லை, வெடிக்கும். ஏழு விநாடிகளில் படம் வந்தது. அம்மா நாடகத்தின் பெயரைச் சொல்லி, அதே சானலா என்று மட்டும் கேட்டார்.

2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில், ‘டிக்’ ஒலி திரும்பி வந்தது. வெளியே போக முடியாது, கடைகள் இல்லை, ரீவியும் இல்லை. அந்த நாட்களில்தான் முதலில் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். கொள்ளளவியின் ஆயுள் அதன் உச்ச வெப்பநிலையில் இத்தனை மணித்தியாலம் என்று குறிக்கப்படுகிறது. வெப்பநிலை பத்துப் பாகை குறையும்போது ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இலத்திரனியலில் பொதுவாகப் பின்பற்றப்படும் கணிப்பு. வெப்பத்தைப் பரப்பும் தகட்டுக்கு அருகில் 65 பாகை என்று வைத்துக்கொண்டால், 85 பாகையில் 2,000 மணித்தியாலம் தாங்குவது அங்கே 8,000 மணித்தியாலம், அதாவது இடைவிடாமல் ஓடினால் 11 மாதங்கள் தாங்கும். 105 பாகையில் 2,000 மணித்தியாலம் தாங்குவதோ அதே இடத்தில் 32,000 மணித்தியாலம், மூன்றரை ஆண்டுக்கும் மேல். 105 பாகையில் 5,000 மணித்தியாலம் என்றால் ஒன்பது ஆண்டுகள். ரீவி அணைந்திருக்கும்போதும் சிவப்பு விளக்குக்கான 5 வோல்ற் சுற்று இராப்பகலாக ஓடிக்கொண்டேயிருக்கிறது என்பதை இதனுடன் சேர்த்துப் பார்த்தால், என் 14 மாதங்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஜூன் மாதம் மீண்டும் புறக்கோட்டைக்குப் போனபோது கேள்வியை மாற்றிக் கேட்டேன். மூன்றாவது கடையில் இருந்த வயதான நானா, நான் சொல்லி முடிக்கும் முன்பே, “பவர் போட்டுக்கா? அப்ப அகத்தடை குறைஞ்ச சாமான் போடோணும்” என்று உள்ளே போய் ஒரு சிறு பையுடன் வந்தார். இத்தகைய போட்டுகளில் மின் ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடுகிறது. அந்த அலைவைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட வகை தனியாக உண்டு. ரூபிகன், நிச்சிகன், பனாசோனிக் போன்ற யப்பானியப் பெயர்களில் அவை கிடைக்கின்றன, அதே பெயர்களில் போலிகளும் கிடைக்கின்றன. நானா போலியைக் கண்டுபிடிக்கும் தம் வழியை எனக்குக் காட்டினார்: அச்சு நகத்தால் சுரண்டினால் போகக்கூடாது, கால்கள் மங்காமல் இருக்க வேண்டும், அளவுக்கு மீறி எடை குறைவாக இருக்கக்கூடாது. இது ஆய்வுகூடப் பரிசோதனை அன்று, ஆனால் அந்தக் கடையில் என்னால் செய்யக்கூடியது அவ்வளவுதான். ஒன்று 150 ரூபா. 10 வோல்ற் இருந்த இடத்துக்கு 16 வோல்ற் வாங்கினேன். கொள்ளளவை மாற்றாமல் வோல்ற்றை மட்டும் ஒரு படி உயர்த்துவதில் தவறில்லை, உயரம் மட்டும் பின் மூடியில் இடிக்காமல் பார்க்க வேண்டும். கூடவே 60 வாற்று அயன் ஒன்றும் வாங்கினேன். அன்றைய செலவில் பெரும்பங்கு அயனுக்கே போனது, அதற்காக நான் வருந்தவில்லை.

இரண்டாவது திருத்தத்துக்குப் பிறகு இந்த செற் கண்டவை கொஞ்சமன்று. 2022இன் மின்வெட்டுக் காலத்தில், மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின் இல்லாதிருந்தபோது, நாளுக்குப் பல தடவை மின் போய்ப் போய் வந்தது. மின் திரும்பும் அந்தக் கணம்தான் இத்தகைய போட்டுகளுக்கு ஆபத்தானது. மின் போனதும் சுவர்ச் சுவிட்சை அணைத்து, வந்து ஐந்து நிமிடம் கழித்தே போடும் வழக்கம் அப்போது ஏற்பட்டது. குரங்கொன்றின் மீது பழி விழுந்த 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடளாவிய மின்தடையிலும் அப்படியே செய்தோம். இரவில் சுவர்ச் சுவிட்சை அணைப்பதால் 5 வோல்ற் சுற்றுக்கும் எட்டு மணித்தியால ஓய்வு கிடைக்கிறது.

கடந்த மாதம் தூசு தட்டுவதற்காகத் திறந்தேன். நான்கு தலைகளும் தட்டையாகவே இருந்தன. முதல் திருத்தத்துக்கு முன் 3.9க்கும் 4.4க்கும் இடையே தள்ளாடிய 5 வோல்ற் முனை, இப்போது 5.1இல் அசையாமல் நின்றது. கடற்காற்றின் வேலை வேறு இடத்தில் தெரிந்தது: பின் மூடியின் திருகாணிகள் துருவேறி இரண்டு தலை தேய்ந்துவிட்டன, வயர் இணைப்பொன்றின் முனைகள் பச்சை பூத்திருந்தன. ஐசோபுரொப்பைல் அல்ககோலில் தோய்த்த பழைய பற்தூரிகையால் அதைத் துடைத்துவிட்டேன்.

இந்த வேலையை எல்லாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தலை உப்பிய கொள்ளளவி கண்ணுக்குத் தெரிந்து, அது நிலைமாற்றிக்கு அப்பால் குறைந்த வோல்ற்றளவுப் பக்கத்தில் இருந்து, பல்மானி பிடித்துப் பழகிய கையும் இருந்தால் மட்டுமே செய்யலாம். உருகி எரிந்து கறுத்திருந்தால் கதை வேறு: அது தானாக எரிவதில்லை, உயர் வோல்ற்றளவுப் பக்கத்தில் ஏதோ குறுஞ்சுற்றாகியிருக்கிறது, புதிய உருகியைப் போட்டால் அதுவும் அதே விநாடியில் எரியும். அந்தப் பக்கத்தில் நான் இன்றுவரை கை வைத்ததில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் திறந்த போட்டை மேசையில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதும் கூடாது.

நானாவிடம் அன்று கூடுதலாக வாங்கிய இரண்டு கொள்ளளவிகள் தையல்பெட்டியில் அம்மாவின் பொத்தான்களுடன் கிடக்கின்றன. இப்போது திரையின் இடது மூலையில் ஒரு கை அகலத்துக்கு மங்கல் தெரியத் தொடங்கியிருக்கிறது. அது பின்னொளி எல்ஈடி பட்டியின் வேலை, பவர் போட்டுடையது அன்று. அதற்குத் திரைக் கண்ணாடியையே கழற்ற வேண்டும் என்பதால் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவோ அந்த மூலையில் சானலின் சின்னம் மட்டும்தான் வருகிறது, நாடகம் நடுவிலேயே நடக்கிறது என்கிறார்.