செராமிக்கா, அல்நிகோவா? ஒரு காந்தத்தை மாற்றிப் பார்த்ததில்

காட்பாடியில் எங்கள் தேவாலயப் பாடல்குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். கம்பிகளின் அதிர்வைக் காந்தத்தாலும் கம்பிச்சுருளாலும் மின்சாரமாக மாற்றும் கருவிக்குப் பிக்கப் என்று பெயர். என் கிட்டாரில் கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கத்தில் இருப்பது ஹம்பக்கர், அதாவது இரண்டு சுருள் கொண்ட பிக்கப். அதில் இருந்த செராமிக் காந்தத்தைக் கழற்றிவிட்டுக் கடந்த மாதம் அல்நிகோ 5 என்ற காந்தத்தைப் போட்டேன். மாற்றியதில் எனக்கு மகிழ்ச்சி. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது, மேலே படியுங்கள்.

செராமிக் விலை குறைவு, வலு அதிகம். அல்நிகோ என்பது பொதுவாக அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த இரும்புக் கலவை. அதன் வகைகளுக்கு எண் உண்டு. எண் ஏறினால் வலுவும் ஏறும் என்று நினைக்க வேண்டாம். கோபால்ட் இல்லாத அல்நிகோ 3, அல்நிகோ 2-ஐவிட வலு குறைந்தது. 1957-இல் கிப்ஸன் கிட்டார்களில் வந்த ஹம்பக்கர்களில் இருந்தது அல்நிகோ. 1972-இல் வந்த டிமார்சியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டார்ஷன் என்ற பிக்கப்பில் இருப்பது செராமிக்.

பலர் தடுமாறும் இடம் ஒலி அளவு. காந்தம் வலுவாக இருந்தால் சுருளில் மின்னழுத்தம் கூடும், ஆம்ப்ளிஃபயர் சீக்கிரமே கரகரக்கும். உரக்கக் கேட்பதைக் காது கூர்மை என்று எடுத்துக்கொள்ளும். அதனால் காந்தத்தைத் தொடுவதற்கு முன், பழைய பிக்கப்பையே கம்பிகளிலிருந்து சுமார் 2 மி.மீ. கீழே இறக்கினேன். நான் குறை சொன்ன கடுமையில் பாதி அங்கேயே போய்விட்டது. செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் காந்தம் வாங்கக் கூடாது.

மீதிப் பாதிக்காகத்தான் மாற்றினேன். மெதுவான கீர்த்தனைகளில் செராமிக்கின் முதல் தட்டு தனியாகத் தெறித்து நிற்கும், கீபோர்டோடு ஒட்டாது. அல்நிகோ 5-இல் தட்டும் அதன் பின்வரும் நாதமும் சேர்ந்தே வருகின்றன. அல்நிகோ மின்சாரத்தைக் கடத்தும். சுருளின் தூண்டலையும், அதாவது மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மையையும், சற்று உயர்த்தும். இவற்றால் உச்சஸ்தாயியின் முனை கொஞ்சம் மழுங்குகிறது. மற்றபடி ஒலியைத் தீர்மானிப்பவை சுருளும் கம்பிகளுக்கு நேர் கீழே இருக்கும் எஃகுத் திருகுகளும்தான். வேறொரு கிட்டார் கைக்கு வந்துவிடாது.

வேலை எளிது. அடித்தட்டின் திருகுகளைத் தளர்த்தினால் காந்தப் பட்டை நழுவி வெளியே வரும். எடுக்குமுன் வடமுனை எந்தப் பக்கம் என்று திசைகாட்டி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதல் முறை திருப்பிப் போட்டுவிட்டேன். இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வாசித்தால் ஒலி சோகையாகிப்போனது. மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. கழற்றிய செராமிக்கை அல்நிகோ அருகில் வைக்காதீர்கள், அல்நிகோவின் வலு குறையக்கூடும். வேலூர் வெயில் காந்தத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய காருக்குள் கிட்டாரை விட்டால் பிக்கப்பின் மெழுகு இளகலாம்.

கனத்த டிஸ்டார்ஷனில் (வேண்டுமென்றே ஒலியைக் கரகரக்க வைப்பது) தடித்த கம்பிகளை இறுக்கமாக வாசிப்பவர்களுக்குச் செராமிக்கே பொருந்தும். ஸ்ட்ராட் வகைக் கிட்டார்களில் வரும் சிங்கிள் காயிலில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப்பில், கணக்கே வேறு. மலிவானவற்றில் எஃகு ஊசிகளுக்கு அடியில் செராமிக் பட்டை இருக்கும். பட்டையை மட்டும் மாற்றினால், தண்டுகளே அல்நிகோ காந்தங்களாக இருக்கும் பிக்கப்பின் ஒலி வராது, பிக்கப்பையே மாற்ற வேண்டும்.

கிட்டாரின் கழுத்தை ஒட்டிய நெக் பக்கத்துப் பிக்கப்பை இன்னும் தொடவில்லை. அங்கே அல்நிகோ 2 போட ஆசை இருக்கிறது. ஆனால் ஒரு நண்பரின் கிட்டாரில் ஒரு மாலைப்பொழுது மட்டுமே அதை வாசித்திருக்கிறேன். அவருடைய ஆம்ப்ளிஃபயரும் வேறு.